லாவினியா அக்கா கேட்காமல் விட்ட கேள்வி

சர்க்கரை நோயாளிகளிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அந்தத் தாளில் பதினொன்று. அதில் ஒன்பதாவதை மட்டும் என் அக்கா லாவினியா என்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எட்டு முடிந்ததும் பேனா கொஞ்சம் தயங்கும். பிறகு பத்துக்குத் தாவிவிடும். தாம்பத்தியத்தில் சிரமம் உண்டா என்பதுதான் ஒன்பது. டோங்காவின் வவாவு தீவில் சர்க்கரை நோய்க்கென்று இருக்கும் ஒரே நர்ஸ் அவள். எங்கள் நாட்டில் அக்கா தம்பி சேர்ந்து டிவிகூடப் பார்க்கமாட்டோம். முத்தக் காட்சி ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது? இன்சுலின் வாங்கப் போனாலும் தேவாலயத்துக்குப் போவதுபோல, மரியாதைக்காக இடுப்பில் பின்னல் பாய் சுற்றிக்கொண்டுதான் அவள் முன்னால் உட்காருவேன்.

நான்கு வருடமாக அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. மனைவி சேலாவிடமும் சொல்லவில்லை. கால் எரிகிறது என்று சாக்குச் சொல்லிப் படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டேன். ஒருநாள் காலை சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"யோவ் மோசேசே, யாருய்யா அவ? பேர மட்டும் சொல்லு."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. "எவளும் இல்லடி. என்னால முடியல."

"இதையா நாலு வருஷம் பொத்தி வச்சிருந்த? எனக்கு வயசாயிடுச்சுன்னு நெனச்சு நான் கண்ணாடி முன்னாடி நின்னு அழுதிருக்கேன்யா."

அடுத்த திங்கட்கிழமை அவளும் கூடவே வந்தாள். அக்காவின் பேனா எட்டைத் தாண்டியது. "அண்ணி, ஒன்பதக் கேக்கலையே?" என்றாள் சேலா.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து ஓடியிருப்பேன், சேலா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அக்கா எழுந்து கதவைச் சாத்தினாள். நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"சேலா, நான் உன்கிட்டதான் பேசறேன். வேற யாரும் இந்த ரூம்ல இல்ல."

பிறகு அந்த வெள்ளைச் சுவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சர்க்கரை ஏறினால் நரம்பும் சின்ன ரத்தக் குழாய்களும் கெட்டுப்போகும். இங்கே வரும் ஆண்களில் பாதிப் பேருக்கு இதுதான். ஆண்மைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மாத்திரை உண்டு, ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைக்கிறவர் அதைத் தொடவே கூடாது, உயிருக்கே ஆபத்து. டாக்டர் முதலில் இதயத்தைப் பார்ப்பார். சரி என்று சொன்னால் அந்த இடத்திலேயே போடுகிற ஊசி இருக்கிறது, எப்படிப் போடுவதென்று கற்றுக்கொடுப்பார். "நாலு மணி நேரம் ஆகியும் அடங்கலன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துடணும். வெக்கப்பட்டு வீட்ல கெடக்கக் கூடாது."

அவள் பின்கழுத்தில் வியர்வை வழிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூத்த அக்கா என்பதால் எங்கள் குடும்பத்தில் அவளுக்குமேல் யாரும் இல்லை. விருந்தில் முதல் பங்கு அவளுக்குத்தான். என்னைவிட அவளுக்குத்தான் இது அதிகமாகக் கூசியிருக்கும். ஒரு வார்த்தையைக்கூட அவள் விழுங்கவில்லை.

வெளியே வந்ததும் சேலா, "பாவம்யா அந்தச் சுவரு" என்றாள். நானும் சிரித்துவிட்டேன்.

டாக்டர் இதயத்தைச் சோதித்து, எனக்கு ஊசிதான் சரி என்றார். முதல் ஊசியைத் தன் முன்னாலேயே போடவைத்து அளவு குறித்துக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து சாப்பிட்டு ஊரே தூங்கும் பிற்பகலில், சேலா ஊசியை எடுத்தாள்.

"தெனமும் வயித்துல குத்திக்கிறவன், இதுக்கா இப்படி மூஞ்சிய வச்சிருக்க?"

எறும்பு கடித்ததுபோலத்தான் இருந்தது. காத்திருந்தோம். பத்து நிமிடத்தில் அந்த இடத்துக்கு ரத்தம் பாய்ந்து வந்தது. எங்கிருந்தோ, யாரும் கூப்பிடாமல், வழி மறக்காமல் வந்தது. சேலா வாயைப் பொத்திக்கொண்டு அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எங்கள் மூத்த மகள் பிறந்தபோது அவள் முகம் இப்படித்தான் இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் இந்த உடம்பை முதல்முறையாக யாரோ என் கையில் கொடுத்ததுபோல இருந்தது எனக்கு.

பிறகு தகரக்கூரையில் மழை பிடித்துக்கொண்டது. சேலா தூங்கிப்போனாள். அவள் பாதம் என் பாதத்தின்மேல் கிடந்தது. என் பாதங்கள் மரத்துப் பல வருடம் ஆகிறது. அவள் பாதத்தின் கனமோ சூடோ எனக்குத் தெரியவில்லை. தலையைத் தூக்கி, அது அங்கே கிடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.