பதினெட்டாம் நாள்

அவள் குடுவையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். சிவந்திருக்க வேண்டிய திரவம் மஞ்சளாகக் கலங்கியிருந்தது. அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படித்தான். நான்கும் போயிற்று. இன்னும் மூன்று நாள் தாங்கியிருந்தால் சிவப்பணுக்கள் முதிர்ந்திருக்கும்.

அவள் தங்கைக்குச் சிறுவயதிலிருந்தே மாதாமாதம் ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஏற்றி ஏற்றி, இப்போது அவள் உடம்பு யாருடைய ரத்தத்தையும் சேர்த்துக்கொள்வதில்லை. பொருந்தியவர் ஒரே ஒருவர். அவருக்கும் வயதாகிவிட்டது. அவர் கொடுத்த மூல செல்களிலிருந்துதான் அவள் வேலை பார்க்கும் இந்த ஆய்வகத்தில் சிவப்பணுக்களை வளர்த்தார்கள். நான்கு குடுவையும் சேர்த்துத் தேறுவது இரண்டு ஸ்பூன். தங்கை உடம்பு ஏற்கிறதா என்று பார்க்க அது போதும்.

ஆய்வகத் தலைவி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். “பாக்டீரியா. எல்லாத்தையும் கொட்டிடுங்க. எங்க தப்பு நடந்துச்சு?”

“பாக்கறேன் மேடம்.”

பார்க்க ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை வேலைக்கு நடுவில் போன் அடித்தது. தங்கை. படபடவென்று வருகிறது என்றாள். பேசி முடித்த அவசரத்தில் கையுறையை மாற்றாமல் குடுவைகளைத் தொட்டது இப்போதுதான் உறைத்தது. பிளீச்சை ஊற்றிவிட்டு மூன்று முறை கை கழுவினாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். மதியமே கிளம்பிவிட்டாள்.

தங்கை சோபாவில் சாய்ந்திருந்தாள். கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி நடந்ததற்கே மூச்சு வாங்கியது.

“என் ஆளுங்க எப்படிக்கா இருக்காங்க? சமத்தா வளர்றாங்களா?”

“போயிட்டாங்கடி.”

“எல்லாருமா?”

“எல்லாரும். என் கைதான். கையுறை மாத்தாம தொட்டுட்டேன்.”

தங்கை விரலை மடக்கி நாள் எண்ணினாள். “நான் போன் பண்ணினேனே, அன்னிக்கா?”

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. “ஆமா.”

தங்கை முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அன்னிக்கு படபடப்பெல்லாம் ஒண்ணும் இல்லக்கா,” என்றாள் தங்கை, முகத்தைத் திருப்பாமல். “சும்மா பயமா இருந்துச்சு. உன் குரலைக் கேக்கணும்போல இருந்துச்சு.”

அவள் தங்கையின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பாதம் சில்லென்றிருந்தது.

மறுநாள் காலை நடந்ததைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டுத் தலைவியிடம் நீட்டினாள். தலைவி இரண்டு முறை படித்தாள்.

“அவர் கொடுத்த செல்லுல ஒரே ஒரு குப்பிதான் மிச்சம், தெரியும்ல?”

“தெரியும் மேடம்.”

“அப்ப நீங்களே ஆரம்பிங்க. இன்னொருத்தர் பக்கத்துல நிக்கட்டும்.”

உறைகுளிரிலிருந்து எடுத்த குப்பி வெதுவெதுப்பான நீரில் மெல்ல இளகியது. உள்ளே ஒரு துளி. சிவப்பின் சாயல்கூட இல்லாமல், வெறும் தண்ணீர் போல இருந்தது. அதைத் திறக்கும் முன் அவள் கையுறையை மாற்றிக்கொண்டாள்.