ஓனரின் குரூப்

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடியிருப்போர் வாட்ஸ்அப் குரூப்பில் அவள் போட்ட மெசேஜ் மறுபடியும் காணாமல் போயிருந்தது. ஊரைக் கொளுத்தச் சொல்லியா எழுதினாள்? மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிடுகிறது, சரிசெய்யுங்கள் என்றுதான். கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடக்கும் கணவரை நாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நான்காம் மாடியிலிருந்து அவரை யார் தூக்கி இறக்குவது?

ஓனருக்கே போன் போட்டாள்.

"என் பில்டிங், என் குரூப். காலி வீட்டுக்கு ஆள் தேடிட்டு இருக்கேன், இந்த நேரத்துல உங்க புலம்பல் எதுக்கும்மா?"

"லிஃப்டும் உங்களுதுதானே சார்? அது மட்டும் ஏன் அநாதையா நிக்குது?"

போனை வைத்த கையோடு, இனி ஓனரைத் தவிர யாரும் எழுத முடியாதபடி குரூப்புக்குப் பூட்டு விழுந்தது. படித்துவிட்டுக் கட்டைவிரல் காட்டலாம், அவ்வளவுதான்.

கீழ்வீட்டு வக்கீல் மாடிப்படியில் வழிமறித்து, "நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி மேடம்" என்று காதோடு சொன்னார்.

"அதை அங்க சொல்லியிருக்கலாமே சார்!"

வக்கீல் சாவியைத் தேடும் சாக்கில் நழுவிவிட்டார்.

மறுநாள் காலை காலி வீட்டைப் பார்க்க ஓனர் லிஃப்டில் ஏறினார். அது வழக்கமான இடத்தில் நின்றது. உள்ளே பேச சிக்னல் கிடைக்காது, மெசேஜ் மட்டும் தட்டுத்தடுமாறிப் போகும். 'லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். யாராவது வாங்க' என்று குரூப்பில் எழுதினார்.

பதில் எழுத வழியில்லாத கட்டிடம், பழக்கதோஷத்தில் கட்டைவிரலைக் காட்டியது. முதல் விரல் வக்கீலுடையது.

கதவு தடதடப்பது கேட்டு ஓடியது டீச்சர்தான். மெக்கானிக்கை வரவழைத்ததும் அவள்தான். வெளியே வந்த ஓனர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "கூப்பிட்டா ஒருத்தரும் பதில் சொல்றதில்ல. என்ன ஜனங்களோ!" என்றார்.

"வாயைப் பூட்டிச் சாவியை நீங்க வச்சுக்கிட்டா, யார் சார் பதில் சொல்லுவாங்க?"

மெக்கானிக் வேலையை முடித்ததும் குரூப்பில் அறிவிப்பு வந்தது: 'லிஃப்ட் கோளாறை இன்று நானே நேரில் ஆய்வு செய்து சரிசெய்துவிட்டேன்.' பூட்டு மட்டும் திறக்கவில்லை.

கணவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து லிஃப்டுக்குள் தள்ளினாள். மனுஷர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால், ஓனரின் அறிவிப்புக்குக் கட்டைவிரல்!

"ஏங்க, உங்களுக்காகத்தானே நான் இத்தனை பேச்சு வாங்கினேன்?"

"லிஃப்ட் ஓடுதுல்ல, விடும்மா. நாம இன்னும் அவர் வீட்லதானே இருக்கோம்?"

எங்கும் நிற்காமல் லிஃப்ட் ஒழுங்காக இறங்கியதுகூட டீச்சருக்கு எரிச்சலாக இருந்தது.