உப்பு போகாத கரைசல்

தங்கை வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அக்காவுக்கோ அதே ஆய்வகத்தில் பதினோரு வருடம். இருந்தும் புதிய அளவீட்டுக் கருவி அறையின் சாவி தங்கை கைக்குத்தான் போனது. அக்காவுக்கு வயிறு எரிந்தது. வீட்டில் அம்மா வேறு சின்னவளின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

வேலை இதுதான்: புரதக் கரைசலை இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவில் ஊற்றி, மின்சாரம் கொடுத்து, அதிர்வெண்ணை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். அதிர்வெண் குறைவாக இருக்கும்வரை புரத மூலக்கூறுகள் மின்புலத்தோடு சேர்ந்து திரும்பும். கூடக்கூட ஈடுகொடுக்க முடியாமல் திணறும், அந்தத் திரும்பலைக் காட்டும் அளவான மின்காப்பு மாறிலியும் இறங்கிவிடும்.

தங்கையின் வரைபடத்தில் குறைந்த அதிர்வெண் பக்கம் கோடு மலைபோல் எழும்பியிருந்தது. புரதம் இவ்வளவு வலுவாகத் திரும்புகிறதா என்று பேராசிரியர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. கட்டுரையில் முதல் பெயர் அவளுடையதுதான் என்றும் சொல்லிவிட்டார். பதினோரு வருடத்தில் அக்காவின் பெயர் மூன்றாம் இடத்தைத் தாண்டியதில்லை.

கோட்டைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அது புரதமே இல்லை, உப்பு. கரைசலில் மிஞ்சிய உப்பு அயனிகள் தகடுகளில் போய் அப்பிக்கொண்டால் அளவு இப்படித்தான் பொய்யாக ஏறும். தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மூக்குடைபடட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். வெள்ளி வரையிலான மூன்று நாளும் சாப்பாடுகூட ருசித்தது.

கருவிக்குப் பக்கத்திலேயே கூட்டம் நடந்தது. தங்கை பேசி முடித்ததும் அக்கா கையைத் தூக்கினாள்.

"தகட்டு இடைவெளிய மாத்திப் பாத்தியா?"

பார்க்கவில்லை. உடனே மாற்றி அளக்கச் சொன்னார் பேராசிரியர். இடைவெளியை அகலமாக்கியதும் மலை பாதியாகச் சரிந்தது. புரதமாக இருந்தால் அசைந்திருக்காது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"உப்பு போகவே இல்லையே. இந்தக் கரைசலச் சுத்தம் பண்ணினது யாரு?"

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. கரைசலைச் சவ்வுப் பையில் கட்டி, நீரில் தொங்கவிட்டு, ஆறு முறை நீர் மாற்றி உப்பை வெளியேற்றும் வேலையை இந்தத் தடவை எடுத்துக்கொண்டவள் அவள்தான். சாவி கைமாறிய அன்று, எரிச்சலில், மூன்று முறையோடு நிறுத்திவிட்டாள். குப்பியில் மட்டும் 'ஆறு' என்று எழுதி ஒட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள். தங்கையை மாட்டிவிடும் அவசரத்தில் அது மறந்தே போயிருந்தது.

குப்பி தங்கை கையில் இருந்தது. அக்காவின் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? ஒரு கணம் அக்காவைப் பார்த்தாள். பிறகு, ஒட்டிய சீட்டு உள்ளங்கைக்குள் மறையும்படி குப்பியைத் திருப்பிப் பிடித்தாள்.

"நான்தான் சார். என் தப்பு."

அக்காவுக்கு நெஞ்சில் நன்றி பொங்கியிருக்க வேண்டும். பொங்கியது பொறாமைதான். நல்லவளாக இருப்பதிலும் சின்னவளே முந்திக்கொண்டாள்.