தடுப்புப் பலகையைத் தாண்டிய பயிற்சியாளர்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, தேநீர் ஆறுவதற்குள் ஒரு கதை சொல்லி முடிக்கிறேன். எங்கள் உருக்காலையின் பனி ஹாக்கிக் குழுவுக்கு நான் இருபத்தாறு வருடம் சட்டை துவைத்தவள். ஆட்ட நாளில் வீரர்களின் பெஞ்சுக்குப் பின்னால்தான் நிற்பேன். அதனால் இதைக் கண்ணால் பார்த்தேன்.

ரோதியோன் சவேலிச் பத்தொன்பது வருடம் இடது ஓரத்தில் ஆடியவர். முழங்கால் போனதும் பயிற்சியாளர் ஆனார். முதல் வருடமே தோல்விமேல் தோல்வி. கடைசி ஆட்டத்துக்கு முன் ஆலை இயக்குநர் வந்து, "இன்னைக்கு ஜெயிச்சே ஆகணும் சவேலிச். இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்குவோம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வேலை போனால் ஆலை கொடுத்த வீடும் போகும்.

மூன்று நிமிடம் மிச்சம். இரண்டுக்கு ஒன்று என்று நாங்கள் முன்னால். இந்த விளையாட்டில் ஆட்டம் நிற்காமலே ஆள் மாறுவார்கள். களைத்தவன் பெஞ்சுக்கு வர, அடுத்தவன் தடுப்புப் பலகையைத் தாண்டிக் குதிப்பான். இடது ஓரத்துக்காரன் மூச்சிரைக்க வந்தான். மாற்று ஆள் குதித்தான். கூடவே இன்னொருவரும் குதித்தார். யாரென்கிறீர்கள்? ரோதியோனேதான்! கோட்டும் டையும் தோல் பூட்ஸுமாக! பத்தொன்பது வருடம் இப்படிக் குதித்துப் பழகிய கால், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மல்லாக்க விழுந்து நடுக்கோடுவரை வழுக்கிக்கொண்டே போனார்.

நடுவர் குனிந்து பார்த்தார். "நீங்க எத்தனாம் நம்பருங்க? ஒரு ஆள் அதிகம். ரெண்டு நிமிஷம் தண்டனை."

இனி இரண்டு நிமிடத்துக்கு எங்களுக்கு ஓர் ஆள் குறைவு. குழுத் தலைவன் மத்வேய் அவரைத் தூக்கிவிட்டுப் பெஞ்சுக்குக் கூட்டிவந்தபடியே சொன்னான்: "சவேலிச், போன வருஷத்தவிட வேகமா ஓடுறீங்களே!"

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். காலையிலிருந்து இறுகிக் கிடந்த முகங்கள் அப்போதுதான் இளகின.

"சிரிச்சது போதும், போய்த் தடுங்கடா கழுதைங்களா!" என்று கத்தினார் ரோதியோன்.

தடுத்தார்கள். மத்வேய் ரப்பர் வட்டுக்குக் குறுக்கே உடம்பையே போட்டான். ஒருமுறை வட்டு கோல் கம்பத்தில் டங்கென்று மோதித் திரும்பியது. நான் துண்டை வாயில் அடைத்துக்கொண்டேன். ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது. ஜெயித்துவிட்டோம்!

இயக்குநர் படியிறங்கி வந்தார். "அடுத்த வருஷமும் நீங்கதான். ஆனா பெஞ்சுல ஒரு பெல்ட்டப் போட்டு உங்களக் கட்டி வெக்கப்போறேன்."

"ரெண்டாப் போடுங்க" என்றார் ரோதியோன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவர் மனைவி கிளாஷா ஓடிவந்தாள். "எங்கம்மா வீட்டுக்குப் போட்டுப் போற பூட்ஸ், மனுஷா!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அதே முதுகைக் கட்டிக்கொண்டு, "அப்ப வீடு காலி பண்ண வேணாமா?" என்றாள்.

"வேணாம்டி. வா, போய்ச் சாப்பிடலாம்."

உங்கள் வீட்டிலும், கண்ணுகளா, விழுந்தவரைச் சிரித்துக்கொண்டே தூக்கிவிடும் கைகள் குறையாதிருக்கட்டும். சூப்புச் சட்டி ஒருநாளும் காலியாகாதிருக்கட்டும்.