ஏழாம் எண் கல்

சென்னை மாநகரில், கடற்கரைக்கு அருகே நிற்கும் வெண்முகில் ஹோட்டலை அறியாதவர் சிலரே. கட்டடத்துக்கு அலங்காரம் ஆகாது என்று கட்டடக் கலைஞர்கள் உறுதியாக நம்பிய காலத்தில் எழுந்தது அது. பூசப்படாத கான்கிரீட் சுவர்களில், அச்சுப் பலகைகளின் மர ரேகைகள் இன்றும் தெரியும். வெயிலை வெளியே நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே அழைக்கும் சிமெண்டுச் சாளரங்களும், ஒரு பக்கச் சுவரை மட்டும் பற்றிக்கொண்டு அந்தரத்தில் ஏறும் மாடிப்படியும், வரவேற்புக் கூடத்துச் சுவர் முழுவதும் பரந்த நீலப் பீங்கான் ஓவியமும் அதன் பெருமைகளாம். அவற்றை விருந்தினருக்குச் சுற்றிக்காட்டி விளக்கும் பணி தனசேகரனுடையது. ஜவ்வாது மலையில் பிறந்து, படுக்கை விரிப்பு மாற்றும் வேலையில் அங்கே சேர்ந்து, நாவன்மை ஒன்றாலேயே உயர்ந்தவன் அவன்.

நாவன்மை ஒருவனை உயர்த்தும். உயர்த்திய இடத்திலிருந்து தள்ளிவிடவும் அதற்குத் தெரியும்.

ஹோட்டல் வாயிலில் ஒரு சிற்பம் உண்டு. மூன்று கருங்கற்கள் நின்று ஒரு பலகைக்கல்லைத் தாங்கும். அதைச் செய்த சிற்பி தலைப்பும் வைக்கவில்லை, விளக்கமும் விட்டுச்செல்லவில்லை. அதன் பொருள் யாது என்று ஒரு விருந்தினர் கேட்டார். தெரியாது என்று சொல்லும் வழக்கம் தனசேகரனின் குடும்பத்தில் எவருக்கும் இருந்ததில்லை.

"எங்க ஊர்ல இருக்கிற குள்ளர் வீடுதாங்க இது. சிற்பி எங்க மலைக்கு வந்து, அதைப் பார்த்துட்டுப் போய்ச் செஞ்சாரு" என்றான்.

ஆதி மனிதர் எழுப்பிய அத்தகைய கல்வீடுகள் ஜவ்வாது மலையில் உண்டு என்பது உண்மை. அவனுடைய பலாமரத்தூரில் ஒன்றுகூட இல்லை என்பதும் உண்மையே. முதல் உண்மையை எடுத்துக்கொண்டு இரண்டாவதை அவன் மலையிலேயே விட்டுவிட்டான்.

நாளடைவில் கதை கிளைத்தது. சிற்பி அவ்வூரில் கேழ்வரகுக் களி தின்றார். தேன் எடுப்போர் பாறையில் தொங்கவிடும் ஏணியைக் கண்டே அந்தர மாடிப்படி பிறந்தது. பீங்கான் ஓவியத்தின் நீலம், சாமைக் கொல்லையின்மேல் விடியலில் படியும் பனியின் நீலம். விருந்தினர்கள் கை தட்டினார்கள். ஒருநாள் அக்கூட்டத்தின் பின்வரிசையில் நின்று ரேணுகாதேவியும் கை தட்டினாள்.

ரேணுகாதேவி ஹோட்டலை நிறுவியவரின் மகள். இப்போது அதை நடத்துபவள். அவளுடைய சகோதரர்களோ அதை இடித்துவிட்டுக் கண்ணாடிக் கோபுரம் கட்டத் துடித்துக்கொண்டிருந்தார்கள். தன் கட்டடத்தின் வேர் ஆதி மனிதர்வரை செல்லுமானால் எவன் அதன்மேல் கடப்பாரை வைப்பான் என்று அவள் எண்ணினாள்.

"நாளன்னிக்கு நானே வந்து அந்தக் குள்ளர் வீட்டைப் பார்க்கணும், தனசேகரன். பார்த்துட்டு, நீங்க சொன்னதை வாசல்லயே கல்வெட்டா வெச்சிடலாம்" என்றாள். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். "போன வருஷம் நடிகை தங்கின ரூம்னு கதை விட்டவனை என்ன பண்ணேன்னு ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. அந்த வழிகாட்டி இப்போது கண்ணமங்கலம் சாலையோரத்தில் இளநீர் சீவிக்கொண்டிருக்கிறான்.

மறுநாளே தனசேகரன் மலையடிவாரத்து ஒடுகத்தூர் வந்து, ஜீப்பில் தொற்றி மலையேறினான். வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்த அக்கா மங்கம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாடா, மூஞ்சி கருகின களிச்சட்டி மாதிரி கீது?"

அவன் நடந்ததைச் சொன்னான். அவள் புளியை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"களி தின்னாராமா? யார் வூட்ல?"

"நம்ம வூட்லதான்க்கா."

"யார்ரா கிண்டிப் போட்டது?"

"உன் பேரைத்தான் சொல்லிக்கினு கீறேன்."

"அடப்பாவி! நான் பொறக்கறதுக்கு மின்னாடியே களி கிண்டினேனா?"

அவளுடைய கணவன் சடையன் அவ்வூர் நாட்டாமை. எந்தச் சிக்கலையும் உடல் உழைப்பால் தீர்த்துவிடலாம் என்பது அவன் கொள்கை.

"கல்லுதானே வோணும் மச்சான்? எழுப்பிட்டா போச்சு."

நிற்கும் கற்கள் மூன்றும் சடையனின் கொல்லை வரப்பிலேயே கிடைத்தன. மேலே மூடும் பலகைக்கல்தான் கிடைக்கவில்லை. ஊரெல்லாம் தேடிய பின், தெருவோரக் கால்வாயின்மேல் புதிதாகப் போட்டிருந்த மூடுகற்கள் அவர்கள் கண்ணில் பட்டன. ஒவ்வொரு கல்லின்மேலும் ஒப்பந்தக்காரர் நீல வண்ணத்தில் எண் எழுதியிருந்தார். தெருவின் வளைவில் கிடந்த ஏழாம் கல்லே அகலமானது.

"எடுத்தா வண்டி போவ முடியாதே மாமா?" என்றான் தனசேகரன்.

"நம்ம ஊருக்கு எந்த வண்டி வருது?" என்றான் சடையன்.

அன்று மாலைக்குள், ஊர்க்கோடிப் பலாமரத்தடியில், கிழக்கு பார்த்தபடி, ஆதி மனிதரே வந்தாலும் தமதென்று உரிமை கொண்டாடத்தக்க ஒரு கல்வீடு நின்றது. எண் எழுதிய பக்கத்தை உட்புறமாகக் கவிழ்த்திருந்தார்கள். தனசேகரன் மனநிறைவோடு உறங்கச் சென்றான்.

அவன் செய்த பிழை அதுவே. அம்மலையில் கிழக்கு நோக்கிக் கல்லை நட்டுவிட்டு அதை வெறுங்கல்லாக எவரும் விட்டுவைப்பதில்லை. பொழுது விடிந்து அவன் போய்ப் பார்த்தபோது கல்வீட்டுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டிருந்தது. எலுமிச்சம்பழம் அறுத்திருந்தது. சற்றுத் தள்ளிக் கோழி இறகுகள் சிதறிக் கிடந்தன.

"அக்கா! இன்னா காரியம் பண்ணிக்கீற? அவங்க போனதும் பிரிச்சு, கல்லைக் கால்வாய்ல போடணுமே!"

"நட்ட கல்லைச் சும்மா வுடுவாங்களா? அதுக்குக் கோழி குடுத்தாச்சு. இப்ப அது சாமி. பிரிப்பியா நீ? எங்க, கை வெச்சுப் பாரு!"

தனசேகரன் துணைக்குச் சடையனைப் பார்த்தான். அந்தக் கோழியின் குழம்பைக் காலையிலேயே உண்டு முடித்திருந்த சடையன் வானத்தைப் பார்த்தான்.

ரேணுகாதேவி முற்பகலில் வந்து சேர்ந்தாள். தனசேகரன் அவளுடைய காரை ஊர் எல்லையிலேயே நிறுத்தச் செய்து, மண்வாசனை, மலைக்காற்று என்று ஏதேதோ சொல்லி நடத்தியே கூட்டிவந்தான். கல்வீட்டைக் கண்டதும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அசையாமல் நின்றாள். பிறகு குனிந்து உள்ளே தலையை நுழைத்தாள். தனசேகரன் மெல்ல இரண்டடி பின்வாங்கினான்.

"உள்ள ஏழுன்னு எழுதியிருக்கே?"

"ஏழு கன்னிமாருங்கம்மா" என்றாள் மங்கம்மாள், கண்ணிமைக்காமல். "அவங்க குடியிருக்கிற கல்லு."

"நீலத்துல எழுதியிருக்கு?"

"கன்னிமாருக்கு நீலம்தாங்க புடிக்கும்."

ரேணுகாதேவி வெளியே வந்தாள். அவளுடைய கண்கள் பனித்திருந்தன. "நம்ம கூடத்து ஓவியமும் நீலம்தானே, தனசேகரன்!"

அவள் கை கூப்பிக் கண்களை மூடினாள். மங்கம்மாள் விடவில்லை.

"இன்னா வேண்டிக்கிட்டீங்க?"

"எங்க கட்டடம் இடிபடாம நிக்கணும்னு."

"நின்னா இன்னா செய்வீங்க?"

"வருஷா வருஷம் புடவை சாத்தறேன்."

மங்கம்மாள் மஞ்சள் துணியில் ஒரு முடிச்சுப் போட்டு, அதை அவள் கையாலேயே பலாமரக் கிளையில் கட்டச் செய்தாள். தனசேகரனுக்கு உயிர் திரும்பிவந்தது. அந்நேரத்தில்தான் தெருவிலிருந்து பெருஞ்சத்தம் ஒன்று கேட்டது.

அம்மையார் திரும்பவும் நடக்கவேண்டாமே என்ற நல்லெண்ணத்தில் ஓட்டுநர் காரை ஊருக்குள் கொண்டுவந்திருந்தான். தெரு வளைவில் முன்சக்கரம் கால்வாய்க்குள் இறங்கி, கார் மூக்கைத் தரையில் ஊன்றி நின்றது.

"ஒரு பலகைக்கல்லு இருந்தா முட்டுக் கொடுத்து ஏத்திடலாம். தோ, அங்க ஒண்ணு நிக்குதே!" என்றான் ஓட்டுநர்.

"கிட்டப் போனீன்னா காலை ஒடிச்சுடுவேன்!" என்று மங்கம்மாள் இரு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்றாள்.

ரேணுகாதேவி கால்வாயைப் பார்த்தாள். சக்கரத்துக்கு இப்பக்கம் கிடந்த கல்லில் நீல வண்ணத்தில் ஆறு. அப்பக்கத்துக் கல்லில் எட்டு. இடையில் கல் இல்லை, கார் இருந்தது. அவள் திரும்பிப் பலாமரத்தடியைப் பார்த்தாள்; பிறகு தனசேகரனைப் பார்த்தாள்.

"தனசேகரன், ஏழு கன்னிமாரைத்தான் கேள்விப்பட்டிருக்கேன். ஆறாவது கல்லும் எட்டாவது கல்லும் இங்க படுத்திருக்கே, இது யாரு?"

இதற்கும் ஒரு விடை அவன் நாவின் நுனிவரை வந்தது. வாழ்வில் முதன்முறையாக அதை விழுங்கினான்.

"பொய்ங்கம்மா."

"எது பொய்?"

"கல்லுங்க... களிங்க... ஏணிங்க... அந்த நீலமும்தாங்க."

கண்ணமங்கலம் சாலையில் தனக்கும் ஓர் இளநீர்க்கடை போட இடம் இருக்குமா என்று தனசேகரன் எண்ணத் தொடங்கினான்.

"கதை பொய்யாவே இருக்கட்டும்மா" என்றாள் மங்கம்மாள். "சாமி மெய்தான். கோழி மெய்யாத்தானே செத்துச்சு? நீங்க வேண்டிக்கிட்டது மெய்தானே? இதைப் பொய்யின்னு சொன்னீங்கன்னா முடிச்சை அவுத்துக் கையில குடுத்துடறேன். அப்புறம் உங்க கட்டடத்துக்கு நான் ஜவாபு இல்ல."

ரேணுகாதேவி வெளிநாட்டில் கல்வி கற்றவள். ஆயினும் அவளுக்கு மூன்று சகோதரர்கள் இருந்தார்கள். மரக்கிளையில் ஆடிக்கொண்டிருந்த மஞ்சள் முடிச்சை அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"முடிச்சு இருக்கட்டும்" என்றாள் மெல்ல. பிறகு குரலை மீட்டுக்கொண்டாள். "ஆனா வாசல்ல கல்வெட்டு கிடையாது. இனிமே யாராவது அந்தச் சிற்பத்துக்கு அர்த்தம் கேட்டா, தெரியாதுன்னு சொல்லணும். அதுதான் உங்களுக்குத் தண்டனை."

"அப்ப, வேலைங்கம்மா?"

"இருக்கு. முதல் வேலை, இந்தப் பள்ளத்தை மூடறது. புதுக் கல்லு, உங்க செலவுல, நீங்களே கூட நின்னு போடணும்."

ஊரார் மூங்கில் கழிகளைக் கொடுத்து, தேரைத் தூக்குவதுபோல் காரைத் தூக்கிவிட்டார்கள். ரேணுகாதேவியே அதற்குக் கை தட்டினாள்.

புதிய கல் அடுத்த வாரம் ஒடுகத்தூரிலிருந்து டிராக்டரில் ஏறி வந்தது. கல் கனமானது. அதனை நேரே பள்ளத்துக்குள் இறக்க இயலவில்லை. ஆகவே ஆட்கள் அதை முதலில் தெருவில் செங்குத்தாக நிறுத்தி, கை மாற்றிக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். அதன் முகம் கிழக்கே இருந்தது.

தனசேகரன் தற்செயலாகத் தெருவின் மேற்கோடியைப் பார்த்தான். மங்கம்மாள் கையில் தாம்பாளத்துடன் வேகமாக வந்துகொண்டிருந்தாள். தாம்பாளத்தில் மஞ்சள் இருந்தது. அவளுக்குப் பின்னால், கக்கத்தில் ஒரு சேவலை இடுக்கிக்கொண்டு, இப்போதே குழம்பின் மணத்தை உணர்ந்த முகத்தோடு சடையன் வந்தான்.

"கல்லைப் படுக்க வைங்கடா!" என்று அலறினான் தனசேகரன். "அக்கா வர்றதுக்குள்ள படுக்க வைங்கடா!"