டிக்கெட் இல்லாமல் தொட மாட்டேன்

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெரிதாக ஜம்பம் அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பாதி நாள் மேஜைக்கு அடியில் குனிந்து பிளக் செருகியிருக்கிறதா என்று பார்ப்பேன். மீதி நாள், அணைத்துவிட்டு மறுபடியும் போடுங்கள் என்று சொல்வேன். சரியானால் யாரும் நன்றி சொல்வதில்லை. சரியாகாவிட்டால் முதலில் உருளுவது என் தலைதான்.

ஒருமுறை ரிப்போர்ட் அச்சடிக்கும் பெண்ணுக்கு மவுஸ் மாற்றிக் கொடுத்தேன். வெறும் மவுஸ். மறுநாள் அவளுடைய கோப்பு ஒன்று காணாமல் போக, நான்தான் கை வைத்தேன் என்று மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். அன்றைக்கு முடிவெடுத்தேன்: டிக்கெட் இல்லாமல் இனி எதையும் தொடுவதில்லை. டிக்கெட் என்றால் திரையில் வரும் சின்னப் படிவம். எந்த மெஷின், என்ன வேலை, எதற்காக, கேட்பவர் யார் என்று நிரப்பி அனுப்ப வேண்டும். 'வேலை செய்யல' என்று இரண்டே சொல்லில் எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும் ஆட்களுக்காக ஒரு கட்டுப்பாடும் வைத்தேன். காரணத்தை ஒரு முழு வரியாவது எழுதாவிட்டால் படிவம் நகராது.

அனுப்பியதும் டிக்கெட் எனக்கு வரும். அதன் நகல் ஒன்று அந்த மெஷினைப் பயன்படுத்துபவருக்குத் தானாகப் போகும், பிறகு நான் எழுதும் பதிலும் அதோடு சேர்ந்து போகும். தன் மெஷினில் யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இல்லையா? வேலையை விட்டுப் போனவராக இருந்தால், சேர்ந்தபோது கொடுத்த சொந்த மின்னஞ்சலுக்குப் போகும். பிள்ளைகளின் படம், சான்றிதழ் என்று எதையாவது அதில் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள், அழிக்கும் முன் வந்து எடுத்துக்கொள்ளட்டுமே என்று நானே அப்படி அமைத்தேன்.

இந்த நகல்களை ஒருவரும் படிப்பதில்லை. எனக்கு டிக்கெட்டம்மா என்று பெயர் வைத்ததோடு சரி. வீட்டில் மிக்சி ஓடாவிட்டால்கூட, டிக்கெட் போடட்டுமா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். பேருந்து ஓட்டுகிறவர், அவர் கிண்டலுக்கு பிரேக் கிடையாது.

சாம்பிள் அறை அக்காவும் நகல்களைப் படிக்காதவர்களில் ஒருத்தி. வந்த வேகத்தில் அழித்துவிடுவேன் என்று என்னிடமே சிரித்துக்கொண்டு சொன்னவள். பதினான்கு வருடமாக ரத்தக் குழாய்களை வாங்கி, பெயர் ஒட்டி, குளிர்பெட்டியில் அடுக்கி வைப்பது அவள் வேலை. இரண்டு மாதத்துக்கு முன் என்னைக் கூப்பிட்டாள். ஏதோ அப்டேட் ஓடியதிலிருந்து அவளுடைய அட்டவணையில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதாம். டிக்கெட் போடச் சொன்னேன், முணுமுணுத்துக்கொண்டே போட்டாள். போய்ப் பார்த்தால் எழுத்துரு காணாமல் போயிருந்தது. அதைத் திரும்ப ஏற்றியதும் கட்டங்கள் எல்லாம் எழுத்தாகிவிட்டன, நானும் படித்துவிட்டேன்.

அது குளிர்பெட்டியின் அட்டவணை. அன்றன்றைக்கு உள்ளே இருந்த சாம்பிள் யாருடையது, என்ன வியாதிக்கு என்பதோடு, காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை எத்தனை டிகிரி என்றும் எழுதியிருந்தாள். வரம்பு மீறிய இடங்களில் சிவப்பு. சிவப்பு நிறைய இருந்தது. கடைசிப் பத்தியில் யாரிடம் சொன்னாள் என்ற குறிப்பு. 'மேலாளரிடம் சொன்னேன். அப்புறம் பார்க்கலாம் என்றார்.' அடுத்த சிவப்பிலும் அதே வரி. அதற்கடுத்ததிலும் அதே வரி.

எங்கள் மேலாளர் எதற்கும் சொல்வது அப்புறம் பார்க்கலாம் என்றுதான். விடுப்பு கேட்டாலும் அப்புறம், குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் அப்புறம். அவர் காதில் விழாதபோது நாங்கள் அவரை 'அப்புறம் சார்' என்போம்.

போன மாதம் இரண்டு நோயாளிகளுக்கு முடிவு தப்பாகப் போனது. ஒருவரை இல்லாத வியாதிக்காக மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். புகார் தலைமை அலுவலகம் வரை போயிற்று. குளிர்பெட்டி பழுது என்று யாரும் என்னிடம் சொன்னதே இல்லை, சாம்பிளை வெளியே வைத்து மறந்தது அந்த அம்மாதான் என்று மேலாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அக்காவை வெளியே அனுப்பினார்கள். வியாழக்கிழமை விசாரணை. குற்றம் அவள் மேல் நின்றால் உரிமம் ரத்து, அதன் பிறகு எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் அவளை உள்ளே விட மாட்டார்கள். வாரா வாரம் அட்டவணையை அச்செடுத்து மேலாளர் மேஜையில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாள்களில் ஒன்றுகூட இப்போது இல்லை. மிச்சம் இருப்பது அவள் மெஷினில் உள்ள அந்தக் கோப்பு மட்டும்தான்.

சனிக்கிழமை மதியம் அவளே போன் செய்தாள். அந்தக் கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடு என்று கெஞ்சினாள். நான் முடியாது என்றேன். அதில் நூற்றுக்கணக்கான நோயாளிகளின் பெயரும் வியாதியும் இருக்கின்றன, அதை வெளியே கொண்டுபோக எனக்கும் உரிமையில்லை, அவளுக்கும் இல்லை. அப்படியே கொடுத்தாலும், தகவலைத் திருடினாள் என்று இன்னொரு பழியைப் போட அவர்களுக்கு எவ்வளவு நேரமாகும்? இதையெல்லாம் சொன்னேன். அவளுக்குக் கேட்டது முடியாது என்ற சொல் மட்டும்தான்.

"மெஷின் அங்கதான் இருக்கும் அக்கா. நான் இருக்கிற வரைக்கும் யாரும் அதத் தொட மாட்டாங்க" என்றேன்.

"உன் சட்டத்த நீயே வச்சுக்க" என்று போனை வைத்துவிட்டாள். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மேலாளர் என் அறைக்கே வந்தார். மாடிப்படிக்கு அடியில், பழைய கீபோர்டுகளும் விசிறிச் சத்தமுமாக இருக்கும் அறை அது. நான்கு வருடத்தில் அவர் அங்கே வந்ததில்லை. கதவைச் சாத்திவிட்டு, அக்காவின் பதினான்காம் நம்பர் மெஷினைச் சுத்தமாகத் துடைத்துவிடச் சொன்னார். புது ஆள் நாளைக்கே வருகிறாராம்.

"இப்பவே பண்ணிடு" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.  ஆனாலும் வாய் தன் பழக்கத்தில் பேசியது: டிக்கெட் போடுங்க சார்.

அவர் ஒருநாளும் டிக்கெட் போட்டதில்லை, எல்லாம் அவருடைய செயலாளர்தான் போடுவார். இது காதும் காதும் வைத்தாற்போல் முடிய வேண்டிய வேலை, செயலாளரைக் கூப்பிட முடியாது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, என் நாற்காலியிலேயே உட்கார்ந்து, தன் கணக்கைத் திறந்து படிவத்தை எடுத்தார். காரணத்தில் 'பராமரிப்பு' என்று தட்டினார். படிவம் நகரவில்லை. முழு வரியாக எழுதணும் சார் என்றேன். எழுதிப் பழகாத அதிகாரிக்கு எழுத உட்கார்ந்தால் ஒரு மிடுக்கு வந்துவிடும் போலிருக்கிறது. ஒற்றை விரலால் குத்திக் குத்தி எழுதினார்: 'வியாழக்கிழமை விசாரணைக்கு முன் இம்மெஷினில் உள்ள அனைத்தையும், குறிப்பாகக் குளிர்பெட்டி அட்டவணையை, திரும்ப எடுக்க முடியாதபடி உடனடியாக அழிக்கவும்.'

படிவத்தின் அடியில் நகல் யாருக்குப் போகும் என்று சிவப்பு எழுத்தில் இரண்டு வரி இருக்கிறது.

"கீழ ரெண்டு வரி இருக்கு சார், படிச்சிட்டு அனுப்புங்க."

"எனக்குப் பாடம் எடுக்காத" என்று சொல்லிப் பொத்தானை அமுக்கிவிட்டார்.

பொய் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு வரியை நானே உரக்கப் படித்துக் காட்டியிருக்கலாம். படித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் கண் இருக்கிறது, கண்ணாடியும் போட்டிருந்தார்.

அவர் போனதும் வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். டிப்போவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, நான் முடியாது என்று எழுதப் போகிறேன், வேலை போனாலும் போகும் என்றேன்.

வாயில் இருந்ததை மென்றுகொண்டே கேட்டார்: "நீ என்கிட்ட கேக்கிறியா, சொல்றியா?"

"சொல்றேன்."

"அப்ப சரி. ஒழுங்கா சாப்பிட்டுட்டு எழுது."

சாப்பிடவில்லை. டிக்கெட்டைத் திறந்தேன். அதை மூட மூன்று பொத்தான்கள் உண்டு: முடிந்தது, நிலுவையில், மறுக்கப்பட்டது. மூன்றாவதை நான்தான் வைத்தேன், நான்கு வருடத்தில் அதை ஒருமுறைகூட அமுக்கியதில்லை. காரணக் கட்டத்தில் எழுதினேன்: 'விசாரணையில் உள்ள பொருள். யார் சொன்னாலும் அழிக்க மாட்டேன்.' அமுக்கினேன்.  பிறகு சாம்பிள் அறைக்குப் போய் மெஷினைக் கழற்றிக்கொண்டு வந்து அலமாரியில் பூட்டினேன். கதவிடுக்கில் தாள் ஒட்டித் தேதியும் கையெழுத்தும் போட்டேன். பதினான்காம் நம்பர் மெஷின் பூட்டி வைக்கப்பட்டுள்ளது, விசாரணைக்குத் தேவைப்பட்டால் தருகிறேன் என்று விசாரணை அதிகாரிக்கு ஒரு வரி அனுப்பினேன்.

புதன்கிழமை மேலாளர் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். மறுப்பு அவர் மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. திமிர் என்றார், நாளையே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார். மெஷின் பூட்டியிருப்பது அதிகாரிக்கே தெரியும் என்றதும் குரல் இறங்கியது. அப்படியானால் அந்த டிக்கெட்டையாவது அழி என்றார்.

"போடுங்க சார்" என்றேன். "டிக்கெட்ட அழிக்கணும்னு ஒரு டிக்கெட் போடுங்க. அதோட நகலும் அக்காவுக்குப் போகும்."

அவர் நகலா என்று கேட்டார். சிவப்பு வரியைத் திரையில் காட்டினேன். குனிந்து இரண்டு முறை படித்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்து, "இதெல்லாம் எவன் படிக்கிறான்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதுதான் என்னைக் குத்தியது. அவர் சொன்னது உண்மை. எவரும் படிப்பதில்லை. அக்காவோ வந்த வேகத்தில் அழிக்கிறவள், போதாததற்கு என் மேல் கோபமாக இருப்பவள். போன் செய்து சொல்லலாம் என்று இரண்டு முறை எடுத்தேன். அவள் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை மெஷினை நானே தூக்கிக்கொண்டு போய்க் கூட்ட அறை மேஜையில் வைத்தேன். விசாரணை அதிகாரி தலை நரைத்த ஓர் அம்மாள், பேனாவை மூடாமல் வைத்திருந்தார். ஒரு பக்கம் மேலாளர். எதிர்ப்பக்கம் அக்கா, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அவள் என்னைப் பார்க்கவில்லை.

மெஷினைப் போட்டுக் கோப்பைத் திறந்தேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. கடைசிப் பத்தியில் வரிசையாக அப்புறம், அப்புறம். அதிகாரி மெதுவாக உருட்டிப் படித்தார். ஒவ்வொரு வரியும் எந்த நாளில் சேர்ந்தது என்று கேட்டார், மெஷின் தானாகக் குறித்து வைத்திருந்த தேதிகளைக் காட்டினேன். 

அப்போது மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, குளிர்பெட்டி விஷயம் வேலைப் பளுவில் தன் கவனத்திலிருந்து தவறியிருக்கலாம், ஆனால் மறைக்கும் எண்ணம் தனக்கு இருந்ததில்லை என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். உண்மை வெளிவரட்டும் என்றுதான் இந்த மெஷினைத் தானே பத்திரமாகப் பூட்டி வைக்கச் சொன்னதாகவும் சேர்த்துக்கொண்டார். சொல்லும்போது குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. அதிகாரி பேனாவைத் தாளில் வைத்தபடி என் பக்கம் திரும்பினார்.

"இத பத்திரமா வைக்கச் சொன்னது இவரா?"

வேலை, வீடு, வீட்டுக்காரருடைய டிப்போ சாப்பாடு எல்லாம் ஒரு நொடி கண் முன்னால் வந்து போயின.

"இல்ல மேடம். இவர் அழிக்கச் சொன்னார். அதுக்கு டிக்கெட் இருக்கு."

மேலாளர் சிரிக்க முயன்றார். டிக்கெட்டாம், எதை வேண்டுமானாலும் இந்தப் பெண்ணே தட்டிக்கொள்ளலாம், எல்லாம் அவள் கையில்தானே இருக்கிறது என்று ஆரம்பித்தார்.

ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துப் பிரித்தாள். மேஜையில் வைத்து, மடிப்புகளை உள்ளங்கையால் நிதானமாக நீவி, அதிகாரி பக்கம் தள்ளினாள். அனுப்பியவர் பெயர், செவ்வாய்க்கிழமை தேதி, அவர் ஒற்றை விரலால் குத்தி எழுதிய அந்த ஒரு வரி. அதன் கீழேயே என் மறுப்பும் இருந்தது.

"எனக்கு நகல் வந்துச்சு மேடம்" என்றாள் அக்கா. "படிச்சேன்."