ஊருக்குப் போகாத மூட்டைகள்

ஹாலிலிருந்து கக்கூசுக்குப் போகும் வழியைத் துரைசாமி மூன்றாவது முறையாக அளந்தார். ஸ்டீல் டேப் பதினாலு அங்குலத்துக்கு மேல் போகமாட்டேன் என்றது. பக்கத்தில், அன்றுதான் வாங்கி வந்த வாக்கர் நாலு காலையும் அகட்டிக்கொண்டு நின்றது. அதன் அகலம் இருபத்திரண்டு. முப்பது வருஷம் லேத்தில் நின்ற மனிதர். நூலளவு பிசகினாலும் அவர் கைக்குத் தெரிந்துவிடும். இங்கே முழுசாக எட்டு அங்குலம் இடித்தது.

மறுநாள் அவர் மனைவி பவுன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறாள். இடுப்பெலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். தினமும் எழுந்து நடந்தாக வேண்டும், இல்லாவிட்டால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் விழுந்ததும் இந்த வழியில்தான். பிழைக்க வந்த மராத்தி ஊரான சிஞ்ச்வடில் அவர்கள் பகுதிக்கு விடிகாலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும். குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பியவளின் காலில் ஒரு மூட்டையின் கயிறு மாட்டியது. குடம் நசுங்கவில்லை. அவள்தான் நசுங்கினாள்.

ஒரு ஹால், ஒரு கிச்சன். அவ்வளவுதான் வீடு. அதில் ஓடாத மிக்ஸி இரண்டு, படம் வராத டி.வி. ஒன்று, கம்பெனியிலிருந்து சுமந்து வந்த பேக்கிங் பெட்டிப் பலகைகள், சேலை மூட்டைகள், கால் ஒடிந்த நாற்காலி, கழுவிக் காயவைத்த ஐஸ்கிரீம் டப்பாக்கள். எதைத் தொட்டுக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "அது ஊருக்கு." வாணியம்பாடிப் பக்கம் தம்பி கோவிந்தராஜன் இருக்கும் வீட்டுக்கு. ஒவ்வொரு மே மாதமும் லீவு போட்டு ரயிலேறும்போது, இரண்டு பைக்கு மேல் தூக்க முடியாது என்பது நினைவுக்கு வரும். மூட்டைகள் அடுத்த மே மாதத்துக்குத் தங்கிவிடும். இப்படிப் பதினோரு வருஷம்.

"அரே அப்பா, எத்தன தடவ அளந்தாலும் அதேதான் வரும்," என்றாள் மகள் தீபா. ஹடப்சரில் ஐ.டி. கம்பெனி வேலை அவளுக்கு. "பங்கார்வாலா கீழேயே நிக்கிறான். பழைய சாமான் எல்லாம் அவன்கிட்ட குடுத்துடு."

"வாய மூடு. ஊர்ல போய் வாங்குனா இன்னா வெல ஆவும் தெரியுமா? சித்தப்பன்கிட்ட கேட்டு லாரியில ஏத்தி வுட்டுடறேன்."

அங்கேயே நின்று போன் போட்டார். எடுத்தது தம்பி மனைவி தர்மாம்பாள். அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க எப்பவோ ஒருவாட்டி லாரியில அனுப்பின இரும்புக் கட்டிலே கொட்டாயில துரு புடிச்சுக் கெடக்குது. எங்க வூட்லயே கால் வெக்க எடமில்ல. இன்னும் எதுக்கு மாமா அதெல்லாம்? மொதல்ல அக்காவப் பாருங்க."

துரைசாமி போனை வைத்தார். எந்த வீட்டுக்காகத் தன் வீட்டில் வழியை அடைத்தாரோ, அந்த வீட்டுக்கே அது வேண்டாம்.

"கூப்புடு உன் பங்கார்வாலாவ," என்றார்.

பங்கார்வாலா சுனில் தள்ளுவண்டியை நாலு தடவை நிரப்பினான். மூன்றாவது தடவை படியேறி வந்தபோது, "காகா, உள்ளே இன்னொரு குடும்பத்தோட சாமானும் இருக்கா?" என்று மராத்தியில் கேட்டுச் சிரித்தான். துரைசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. சேலை மூட்டையைத் தூக்கும்போது மட்டும் கையை நீட்டித் தடுக்கப் போனார். தீபா முறைத்தாள். கை கீழே இறங்கியது.

பவுன் வந்தாள். வாக்கர் தாராளமாகப் போயிற்று. சுவரைப் பார்த்து, "இவ்ளோ எடமா இருந்துது?" என்றாள். முதல் வாரம் ஆறு அடி, அடுத்த வாரம் கிச்சன் வரைக்கும். கக்கூசுக்கு யார் கையையும் பிடிக்காமல் தானே போய் வந்த அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மனுஷன் கை சும்மா இருக்குமா? தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்த ஹாட்பாக்ஸ் பெட்டியை அந்த வழியில் வைத்தார். இரண்டு நாளில் எடுத்துவிடலாம் என்றுதான் வைத்தார். அதன்மேல் தீபாவுக்கு வந்த பார்சல் அட்டை உட்கார்ந்தது. அட்டைக்குமேல் கல்யாண வீட்டுப் பை. பக்கத்தில் இரண்டு பலகை, "நல்ல தேக்குடி" என்ற சிபாரிசோடு. நாலு வாரத்தில் முழங்கால் உயரம்.

ஒருநாள் துரைசாமி முதல் ஷிப்ட் முடிந்து வந்தபோது பவுன் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தரையில் ஈரம். சேலையிலும்.

"இன்னா ஆச்சு பவுனு?"

"ஒண்ணும் ஆவல. அவசரமா எழுந்தேன். வாக்கரு உன் பொட்டியில மாட்டிக்கிச்சு. தள்ளிப் பாத்தேன், போவல. தாண்டலாம்னா மறுபடி வுழுந்துடுவேன்னு பயம்." அவள் திரும்பவே இல்லை. "நின்ன எடத்துலயே போய்ட்டேன். அம்பத்தி நாலு வயசுல."

"ரெண்டு நாள்ல எடுத்துடலாம்னுதான்..."

"ரெண்டு நாளு, ரெண்டு நாளுன்னுதான்யா பதினோரு வருஷம் போச்சு." இப்போது திரும்பினாள். "கம்பெனியில இன்னா பண்ற நீ? சங்கு ஊதறதுக்குப் பத்து நிமிஷம் முன்னால மெஷின நிறுத்தித் தொடைக்கிற. இரும்புச் சுருள வாரிக் கொட்டற. ஸ்பேனர அதது எடத்துல மாட்டற. அடுத்த ஷிப்டுக்காரன் கைய நீட்டுனா சாமான் கையில வரணும்னு நீதான பெருமையா சொல்லுவ? அவன் யாரோ எவனோ. நான் யாருயா உனக்கு?"

எவனோ ஒருவனுக்குத் தினமும் செய்கிற மரியாதையை இவளுக்கு ஒருநாள்கூடச் செய்ததில்லை என்பது துரைசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தரையைத் துடைத்தார். அவளுக்கு மாற்றுச் சேலை எடுத்துக் கொடுத்தார். பிறகு பெட்டி, அட்டை, பலகை எல்லாவற்றையும் கீழே கொண்டுபோனார்.

"நானும் யோக்கியமில்ல," என்றாள் பவுன், குரல் தணிந்து. "அந்த டப்பா எல்லாம் நான் சேத்ததுதான. ஒண்ணுமில்லாம வளந்தோம். கைக்கு வந்தத வுட மனசு வர மாட்டேன்னுது. ஆனா இன்னிக்குத் தூக்கிப் போட்டுட்ட, சரி. நாளைக்கு?"

"நாளைக்கும் பத்து நிமிஷம் பண்றேன்."

"நாளான்னிக்கு?"

"அன்னிக்கும்."

செய்தார். சாயங்காலம் ஏழு மணிக்குக் கதவிலிருந்து ஆரம்பித்து, அன்றைக்கு வீட்டுக்குள் வந்ததை அதனதன் இடத்தில் வைப்பார். இடம் இல்லாதது வெளியே போகும். முதல் வாரம் முனகிக்கொண்டே. அப்புறம் முனகல் நின்றது, வேலை நிற்கவில்லை. புதுத் தட்டு வந்தால் பழைய தட்டு போகும். பவுன் உட்கார்ந்த இடத்திலிருந்தே டப்பாக்களைத் தரம் பிரித்தாள். மூடி இல்லாததற்கு மன்னிப்பு கிடையாது.

தை பிறக்கும்போது அவள் வாக்கரை மூலையில் சாத்திவிட்டுச் சுவரை லேசாகத் தொட்டபடி நடந்தாள். அப்படி ஒரு சாயங்காலம் அவள் வரும்போது, தீபா ஒரு பார்சல் அட்டையை வழியோரம் போட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்தாள்.

"நாளைக்கு எடுக்கிறேன்மா. அதான் போன மாசமே வீடு முழுக்க க்ளீன் ஆயிடுச்சே!"

பவுன் நின்றாள்.

"ஏண்டி, போன மாசம் பல்லு வெளக்குனேன்னு இந்த மாசம் வெளக்காம இருப்பியா? வாய் நாறாது? வூடும் அப்படித்தான். ஒரே நாள்ல புரட்டிப் போட்டுச் சுத்தம் பண்றது யாராலயும் ஆவும். அன்னன்னிக்கு வந்தத அன்னன்னிக்கு எடுத்து வெக்கிறதுதான் வேல. தெனம் பத்து நிமிஷம் சோம்பேறித்தனம் பட்டா, அது ஒருநாள் எலும்ப ஒடிக்கும். எனக்கு ஒடிச்சுது." அட்டையைக் காலால் மகள் பக்கம் தள்ளினாள். "மணி ஏழாச்சு. எழுந்துரு."